முன்வரிசையில் உட்கார வைக்கக் கூடாத அப்பா

புதன்கிழமை

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற அளவில், சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இரண்டும் குளிர் நாளில் சேர்ந்தேதான் ஏறும் என்று அப்பா சொல்வார்.

தொலைபேசியில் பேசாமல் ஏன் கூரியரில் கடிதம் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை எடுத்த மறுகணம் மாமா அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இந்தப் பக்கம் நான் வாயைத் திறந்தால் அப்பா அடுத்த அறையிலிருந்தே, "யாரு, அக்காவா? நான் நல்லா இருக்கேன்னு சொல்லு" என்று பதில் கொடுக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகசியம் நுழைய இடமில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே வர வேண்டும். வந்து அப்பாவிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு கொஞ்ச காலம் அவரை உங்களோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த உண்மையை நான் சொன்னால் என் வேலை போய்விடும். யாரும் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும். போன வாரம் அவருடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்து, மறுபடியும் கட்டிப் பார்த்து, "இவர் ரிட்டயர் ஆனவர்தானேம்மா? தினமும் என்ன பண்றார்?" என்று கேட்டார். நான் மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றுகிறார் என்று எப்படி அத்தை சொல்வது?

எனக்கு ஒரு சர்க்கஸில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்று நீங்களும் அப்பாவும் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்! நீங்கள் கம்பியில் நடந்தவர், அப்பா முப்பது வருடம் கோமாளி வேஷம் கட்டியவர். குடும்பத்தில் ஒருத்தியாவது சர்க்கஸுக்கே திரும்பினாள் என்று இருவருக்கும் பெருமை. அது எந்த மாதிரி சர்க்கஸ் என்று அப்போது எனக்கே சரியாகத் தெரியாது. கூடாரம் கிடையாது, முன்பு சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்த ஒரு கிடங்கைச் சுத்தம் செய்து, சுவரெல்லாம் கறுப்பு அடித்து, மடக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். சிங்கம் இல்லை, யானை இல்லை, பந்து உருட்டும் நாய்க்குட்டிகூட இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, அவை எல்லாம் எங்கேயோ நிம்மதியாக இருக்கட்டும். வட்ட மேடை இல்லை, சதுரம்தான். ஜிகினா இல்லை. பேண்டு வாத்தியம் இல்லை. "இதோ, உயிரைப் பணயம் வைத்து!" என்று கத்த அறிவிப்பாளர் இல்லை, அதற்குப் பதிலாக வாசலில் ஒரு தாள் கொடுக்கிறோம், அதைப் படித்தால் உயிரைப் பற்றிக் கொஞ்சம் கவலை வரும். காட்சி முழுக்க யாரும் கை தட்டக் கூடாது, கடைசியில் மட்டும் தட்டலாம். என் வேலை பின்னால் இருட்டில் ஒரு மேசை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, விளக்குக்காரருக்கும் இசைக்காரப் பெண்ணுக்கும் "இப்போது", "இப்போது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து திரும்பிப் பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் அவர்களுடைய பின்மண்டைகளைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிற இந்த இடம் எனக்காகவே செய்தது போல இருந்தது. அப்பாவை அழைத்துப் போகும் வரை.

இலவச டிக்கெட் முன்வரிசையில்தான் கிடைத்தது. அன்றைக்கு அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு, கதவு திறப்பதற்கு முன்பே வந்துவிட்டார். வந்ததும், "பேண்டுக்காரங்க எந்தப் பக்கம்?" என்றார். மூலையில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினேன். "அந்தப் பொண்ணா? அது ஏதோ ஆபீஸ் வேலையை இங்க கொண்டாந்து பாக்குதுன்னு நெனச்சேன்." எல்லோரும் சாம்பல் நிற உடையில் நடந்து போவதைப் பார்த்து, "துவைக்கப் போட்டிருக்காங்களா?" என்றார். எங்கள் நிகழ்ச்சியில் ஒருவர், பார்வையாளர்கள் வருவதற்கு முன்பிருந்தே சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அப்பா அவரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவர் எப்போ வித்தை காட்டுவாரு?"

"காட்டிட்டுதான் இருக்கார்ப்பா. அவர்தான் தனிமை."

"தனிமையா? அதுக்குத் தனியா ஆளா?" என்றவர், நேராக அவர் காதருகே போய், "தம்பி, கால் வலிக்கலையா? ஒரு நாற்காலி போடவா?" என்று கேட்டார். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து யாரும் தன்னை அப்படிக் கேட்டதில்லை என்று அந்தத் தனிமை பிறகு என்னிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார். அன்றைக்குச் சுவரைப் பார்த்து நிற்பதில் அவருக்குக் கவனம் போய்விட்டது. அடிக்கடி திரும்பி அப்பாவைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அதுகூடப் பரவாயில்லை. பந்து வீசுகிறவர் வந்தார். பழைய சர்க்கஸில் பந்து கீழே விழுந்தால் அவமானம். இங்கே பந்துகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போவதுதான் கதை. கடைசியில் அவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும், நான் "இப்போது" என்று சொல்ல வேண்டும், விளக்கு அணைய வேண்டும். முதல் பந்து உருண்டு முன்வரிசைக்கு வந்தது. அப்பா எழுந்து போய், சட்டையில் துடைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாவது பந்தையும் அப்படியே. மூன்றாவதைக் கொடுக்கும்போது முதுகில் தட்டி, "பதட்டப்படாதீங்க, மொத வருஷம் அப்படித்தான் நழுவும்" என்று தைரியம் வேறு சொன்னார். பந்துக்காரர் ஒன்றைத் தவறவிட, அப்பா ஒன்றைக் கொடுக்க, அவர் தவறவிட, இவர் கொடுக்க, பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய இழப்பு முடியவே இல்லை. கடைசியில் அவர் எல்லாப் பந்துகளையும் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிட்டார்.

பிறகுதான் அந்தத் துணிக் காட்சி. கூரையிலிருந்து தரை வரை ஒரு நீளமான சிவப்புத் துணி தொங்கும். எங்கள் குழுவிலேயே திறமைசாலியான பெண் அதில் கயிறு ஏறுவது போல உச்சிக்கு ஏறி, துணியை இடுப்பிலும் தொடையிலும் சுற்றிக்கொண்டு, ஒரு கணம் அப்படியே இருப்பாள். எல்லோரும் அவளைத் துணிப்பெண் என்றுதான் கூப்பிடுவோம். சட்டென்று கையை விடுவாள். துணி சுருள் சுருளாகப் பிரிய, தலைகீழாக உருண்டு வந்து, தரையில் மோதுவதற்கு ஒரு சாண் முன்னால் நின்று, மெதுவாக நழுவித் தரையில் கிடப்பாள். அசைய மாட்டாள். இசை நிற்கும். கூடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். யாரையோ இழந்த ஒரு பெண்ணின் மனம் அது என்று தாளில் போட்டிருக்கிறோம். அப்பா தாளைப் படிக்கவில்லை. அதை மடித்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்திருந்தார்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள் அத்தை. உங்கள் சர்க்கஸில் மேலேயிருந்து இறங்குகிறவர்கள் தரையைத் தொட்டதும் என்ன செய்வார்கள்? துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்குவார்கள். எழுந்திருக்காமல் கிடந்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அந்த நிமிடம் பேண்டு மாஸ்டர் வேகமான மெட்டுக்கு மாறுவார், கோமாளிகள் எல்லாம் கத்திக்கொண்டே உள்ளே ஓடி ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள், கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நான்கு பேர் விழுந்தவரைத் திரைக்குப் பின் தூக்கிப் போவார்கள். விழுந்தவர் மேல் கூட்டத்தின் கண் போகவே கூடாது. நீங்கள் கம்பியிலிருந்து விழுந்த அன்று, மூச்சு வாங்க முடியாமல் கிடக்கும்போது கூட்டம் சிரிப்பது கேட்டது, அதைக் கேட்டதும் தம்பி வேலையை ஆரம்பித்துவிட்டான், இனிப் பயமில்லை என்று நினைத்ததாக நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே அப்பா அன்றைக்குக் கால்சட்டையை அவிழ்த்துவிட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். வேண்டுமென்றே விழுவது கோமாளியின் வேலை; மேலே ஏறுகிறவர்களின் வேலை விழாமல் இருப்பது. இப்படித்தான் அவருக்குத் தெரியும். மேலே ஏறுகிற ஒருத்தி வேண்டுமென்றே விழுவாள் என்கிற எண்ணத்துக்கு அவர் தலைக்குள் அறையே கிடையாது.

துணிப்பெண் கிடந்தாள். அப்பா பக்கவாட்டில் பார்த்தார். யாரும் ஓடவில்லை. தனிமை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசைக்காரப் பெண் கன்னத்தில் கை வைத்திருந்தாள். அடுத்த கணம் அப்பா உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியையே தூக்கிக்கொண்டு, "ஐயையோ ஐயையோ" என்று தன்னுடைய பழைய கீச்சுக் குரலில் கத்தியபடி மேடைக்குள் பாய்ந்தார். நாற்காலியை விரித்து உட்கார்ந்தார், அது மடங்கியது. எழுந்தார், கால் அதற்குள் மாட்டிக்கொண்டது. நாற்காலியோடு நொண்டிக்கொண்டே மேடையை ஒரு சுற்று வந்து, தடுக்கி, குட்டிக்கரணம் போட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். கண் மட்டும் துணிப்பெண்ணைத் தூக்க ஆள் வருகிறதா என்று திரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. என் காதுக் கருவியில் விளக்குக்காரர் "இது எத்தனாவது குறிப்பு? என் விளக்குப் பட்டியல்ல இல்லியே" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, "இப்போது" என்கிற என்னுடைய ஒரே வசனமும் வரவில்லை.

கூட்டம் சிரித்திருந்தால் எல்லாம் அன்றோடு போயிருக்கும் அத்தை. கூட்டம் அழுதது. ஒரு வயதான மனிதர் விழுந்த பெண்ணைக் காப்பாற்ற நாற்காலியோடு போராடுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். கைக்குட்டைகள் வெளியே வந்தன. கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நான் உள்ளறைக்கு ஓடினேன். அப்பா மூச்சு வாங்க, துணிப்பெண்ணின் கணுக்காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் டீ. "எனக்கு ஒண்ணுமில்ல அங்கிள், நிஜமா" என்றாள். "அடிபட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எங்க அக்காவும் அப்படித்தான் சொன்னா. ரெண்டு விலா எலும்பு ஒடஞ்சிருந்துது." நான், "அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் எங்கள் இயக்குநர் உள்ளே வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்கு எங்களுக்குள் மௌனம் என்று பெயர். காட்சியில் பாதியை அதை வைத்தே ஒப்பேற்றுகிறவர். "ஐயா, நீங்க மட்டும் இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்!" என்றார். அப்பா கூச்சத்தோடு, "நாளைக்கும் வேணும்னா வந்து உக்காந்துக்கறேன், ஒரு பாதுகாப்புக்கு" என்றார். மௌனம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அவருக்குச் சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா அந்த ஓட்டத்துல நடிப்பு வந்துரும். அவர் பயம்தான் இந்தக் காட்சிக்கே உயிர்" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அந்த மேசை வேலைக்கு நிறைய பேர் கேட்டுட்டு இருக்காங்க" என்று மிகவும் அன்பாகச் சொன்னார். அவர் எதையும் அன்பாகத்தான் சொல்வார், அதுதான் பயமாக இருக்கிறது.

அன்றிலிருந்து காட்சி உள்ள ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா முன்வரிசையில். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் விழுகிறாள், இவர் பாய்கிறார், கூட்டம் அழுகிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "எங்க காலத்துல ஒருத்தர் விழுந்தா ஒரு வருஷம் அதையே பேசுவோம். இங்க தினம் விழறாங்க, அடுத்த நாள் அதே முடிச்சு போட்டு அதே புள்ளைய ஏத்தறாங்க. இது கம்பெனியா, என்ன இது? நீ வேற வேலை பாரும்மா" என்று புலம்புகிறார். எனக்கு ராத்திரி தூக்கமில்லை. படிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கத்தையே புரட்டாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் ஒரு செய்தித்தாளில், நம் எல்லோருடைய வீழ்ச்சியையும் தாங்க முதுமை ஓடி வருகிறது என்று அப்பாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டார்கள். அன்றைக்குப் பேப்பர் வரவில்லை என்று பொய் சொல்லி அதை அரிசி டப்பாவில் ஒளித்தேன். காய்கறிக் கடையில் ஓர் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நடிப்பைப் பாத்து மூணு நாள் அழுதேங்க" என்று சொல்ல, அப்பா, "நடிப்பா? அந்தப் பொண்ணு கீழ கெடக்கா, உங்களுக்கு அது நடிப்பா?" என்று தராசுக்குப் பக்கத்திலேயே சண்டைக்குப் போய்விட்டார். துணிப்பெண்ணுக்குத் தினமும் முட்டை அவித்து எடுத்து வருகிறார். கணுக்காலில் தானே கட்டுப் போட்டுவிடுகிறார். அவளுக்கு ஒன்றுமே இல்லை, இருந்தாலும் அவர் மனம் நோகுமே என்று லேசாக நொண்ட ஆரம்பித்துவிட்டாள். மௌனம் அந்த நொண்டலையும் பார்த்து, நன்றாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றார்.

இவையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். முந்தாநாள் வீட்டுக்கு வந்து கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்றேன். "எத்தனை நாளா நாற்காலி வேலை பண்றேன். ஒரு ஆள் சிரிக்கலைம்மா. ஒரு ஆள். குழந்தைங்ககூட மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கு. எனக்கு வித்தை போயிடுச்சு" என்றார். அத்தை, அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கூட்டம் ஏன் சிரிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டுமானால், அவள் விழவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழாதவளைக் காப்பாற்ற ஊர் பார்க்க ஓடியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். எதைச் சொன்னால் அவருக்கு அதிகம் வலிக்கும் என்று எடை போட்டுப் போட்டு என் தலைதான் பாரமாகிவிட்டது.

நேற்று அதற்கு மேல் ஒன்று. கயிறு வாங்கி வந்து வலை பின்ன ஆரம்பித்திருக்கிறார். கதவுப் பிடியில் ஒரு முனை, ஜன்னல் கம்பியில் ஒரு முனை, என் அலமாரியில் ஒரு முனை. துணி மாற்ற வேண்டுமென்றால் நான் வலைக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை காட்சிக்கு முன்னால் எல்லோர் எதிரிலும் அதை மேடைக்குக் குறுக்கே கட்டப் போகிறாராம். "வலை இல்லாம ஏத்தற ஆளை நான் நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்" என்கிறார். அந்தச் சனிக்கிழமைதான் அத்தை, வெளியூரிலிருந்து மூன்று பேர் எங்கள் நிகழ்ச்சியைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் குழு ஒரு வருடம் ஊர் ஊராகப் போகும், எங்கள் எல்லோருக்கும் வேலை நிலைக்கும். அவர்கள் பார்க்க வருவதே அப்பாவின் ஓட்டத்தைத்தான். அப்பா வருவதோ வலையோடு. என்ன பண்றதுன்னே தெரியலை அத்தை, மௌனத்தைப் பார்த்தா பயமா இருக்கு, அப்பாவைப் பார்த்தா பாவமா இருக்கு, நடுவுல நான் காதுல ஒரு ஒயரை மாட்டிக்கிட்டு "இப்போது, இப்போது"ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.

அப்பா இந்த உலகத்தில் மறுபேச்சில்லாமல் கேட்பது உங்கள் பேச்சை மட்டும்தான். நீங்கள் "டேய், அவ சும்மா விளையாட்டுக்கு விழறாடா" என்று சொன்னால் ஏன், எப்படி என்று கேட்க மாட்டார். பையை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் வந்துவிடுவார். நான் சொல்லவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள் என்று நானும் மௌனத்திடம் நிமிர்ந்து நிற்கலாம். தயவுசெய்து வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். கோபம் குறையாவிட்டாலும் பரவாயில்லை, உடம்பு நன்றாக இருக்கட்டும். உங்கள் முழங்காலுக்கு என் பங்குக்கு ஒரு தடவை தைலம் தடவிக்கொள்ளுங்கள். உங்கள் வருகைக்காக ஜன்னலில் வலைக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,

உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை காலை. மேலே எழுதியதை நான் அனுப்பவில்லை. உறையை ஒட்டும்போதுதான் தோன்றியது, அப்பா எவ்வளவு அவமானப்பட்டாலும் அதை என் முன்னால் படட்டும், உங்களைத் தூது அனுப்பி நான் இருட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று. வேலை போனால் போகட்டும் என்று வியாழக்கிழமை நானே அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அப்பா முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். "மொத நாளுமா?" என்றார். மொத நாளும்தான்பா என்றேன். "அப்போ அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல?" ஒண்ணுமில்லப்பா. "நான் அவிச்ச முட்டையெல்லாம்?" எல்லாத்தையும் சாப்பிட்டாப்பா, பிடிச்சுதாம். பிறகு வலையைக் கதவிலிருந்து அவிழ்த்துக்கொண்டே, "சொல்லியிருந்தா நானும் தாளைப் படிச்சுட்டு மத்தவங்க மாதிரி உக்காந்து அழுதிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. பயப்படாதது நடந்தது.

நேற்று அவர் வந்தார், டிக்கெட் வாங்கிக்கொண்டு. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டதை மௌனத்திடம் நான் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவர் அந்த மூன்று பேருக்கு நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா அவர்களுக்குப் பக்கத்திலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பந்து உருண்டு வந்தபோது அதைத் தொடக்கூட இல்லை, காலால் லேசாக இன்னும் தூரம் தள்ளிவிட்டார். துணிப்பெண் உச்சிக்கு ஏறினாள், கையை விட்டாள், உருண்டு வந்தாள். ஆள் உயரத்தில் துணியின் ஒரு சுற்று முன்னாடியே நழுவிவிட்டது. பொத்தென்று விழுந்தாள். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். நேற்று கண் திறந்திருந்தது. என் மேசைப் பக்கம் பார்த்து, "கால்" என்று உதடு மட்டும் அசைந்தது.

கூடம் முழுக்க அமைதி. எல்லோரும் அப்பா ஓடுவதற்காகக் காத்திருந்தார்கள். அப்பா பக்கத்து நாற்காலிக்காரரின் தொடையைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பயப்படாதீங்க, அத்தனையும் நடிப்பு. எம் பொண்ணு உள்ள வேலை பாக்குறா, அவளே சொன்னா" என்றார்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது அத்தை. நான் ஓடிக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. மேடை நடுவை எட்டியபோது காதுக் கருவியின் ஒயர் தீர்ந்துவிட்டது. அது என்னைத் தலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. அந்தரத்தில் இரண்டு காலும் தெரிய நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்தேன், மறுபடியும் இழுத்தது, மறுபடியும் விழுந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் கூட்டத்தைப் பார்த்து, என் வாழ்க்கையில் நான் சொல்லத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னேன்: "இப்போது." பின்னால் மேசை கவிழ்ந்த சத்தம் கேட்டது. கூட்டம் சிரித்தது. முதலில் ஒரு குழந்தை, பிறகு எல்லோரும், அந்த மூன்று பேர் உட்பட. தனிமை சுவரைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். அதற்குள் பந்துக்காரரும் இன்னும் இருவரும் துணிப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் தூக்கிப் போய்விட்டார்கள். அவள் போனதை யாரும் பார்க்கவில்லை.

அவளுக்குக் கணுக்கால் பிசகல்தான். மூன்று வாரம் ஓய்வாம், அதுவரை அவள் இடத்தில் வேறொருத்தி ஏறுவாளாம். இந்தத் தடவை அப்பா போட்ட கட்டுக்கு உண்மையான உபயோகம். "நீ ஓடி வந்ததும்தான் புரிஞ்சுது, நெஜமாவே விழுந்துட்டான்னு" என்றார் வழியில். "எப்படிப்பா?" "உனக்குத்தான் நடிக்கவே வராதே." கொஞ்ச தூரம் போனதும் நின்று, "என்னைப் பாத்து அத்தனை நாளும் அழுத ஜனங்க, உன்னைப் பாத்து சிரிக்குது பாரேன்" என்றார். அதில் பொறாமை எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

இன்று காலை மௌனம் போன் செய்தார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். மேசைக்கு வேறு ஆள் வைத்துவிட்டாராம். அந்த மூன்று பேர் சம்மதித்துவிட்டார்களாம், ஒரே நிபந்தனையாம்: நான் தினமும் அந்த ஒயரோடு ஓடி வந்து விழ வேண்டுமாம். எல்லோரும் பார்க்க, அத்தை! என்னால் முடியாது என்று போனை வைத்தேன். அப்பா காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். இப்போது கூடத்தில் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு, "வாம்மா, ஒரு தடவை விழு, முதுகுல விழக்கூடாது, பக்கவாட்டுல விழணும், நான் சொல்லித் தர்றேன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய ரத்த அழுத்தம் நேற்றுக்குப் பிறகு சரியாகியிருக்கும். எனக்குத்தான் ஏறியிருக்கும்.

ஆகவே நீங்கள் வர வேண்டியது அப்பாவைக் கூட்டிப் போக அல்ல, என்னைக் கூட்டிப் போக. ஆனால் உடனே கிளம்பிவிட வேண்டாம். புதன்கிழமை ஒரு காட்சி இருக்கிறது, அது முடியட்டும். அவர்கள் நான் விழுந்ததற்குச் சிரித்தார்களா, எழுந்ததற்குச் சிரித்தார்களா என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.